எண் முப்பத்தொன்று, சலவைக்கு

விளையாட்டுக் கூடத்தின் அடியில்
பதினோரு படி இறங்கினால் என் அறை.
இரண்டு இயந்திரம், ஓர் உலர்த்தி,
வெந்நீர்க் குழாய் வேர்க்கும் சுவர்.
ஆட்டம் எதையும் பார்த்ததில்லை.
தலைக்கு மேலே கேட்டிருக்கிறேன்:
பந்து தரையில் விழும் சத்தம்,
பிறகு விழாத சத்தம்,
பிறகு ஊரே எழுந்து நிற்கும் சத்தம்.

அறுபத்து நான்கில் வேலைக்கு வந்தேன்.
டென்னசியின் இந்தக் கல்லூரிக்குள்
எங்கள் நிறத்தில் அன்று நுழைந்தவர்கள்
சமையலறையில் நால்வர்,
புல் வெட்ட ஒருவர், அடித்தளத்தில் நான்.
பன்னிரண்டு சட்டை, எல்லாம் வெள்ளை.
போட்டுக்கொண்ட உடம்புகளும் அப்படியே.

அறுபத்தொன்பது நவம்பரில்
கூடைக்குள் வந்தது முப்பத்தொன்று.
அக்குளில் கிழிசல்.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு,
ஸ்டோர் பார்க்கும் க்ளெட்டஸ் ஹார்பினின் பென்சில் எழுத்து:
‘இது மட்டும் தனியாக.’
காரணம் எழுதவில்லை.

தனியாகத்தான் போட்டேன், மூன்று நாள்.
பொய் சொல்ல மாட்டேன்:
இரண்டு பிள்ளைகள், வாரம் முப்பத்தெட்டு டாலர்.
நாலாம் நாள் கிழிசலைத் தைத்துவிட்டு
எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில் தள்ளி
மூடியை அறைந்து சாத்தி
மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.
இயந்திரம் என்னைப் பல் கிட்ட உலுக்கியது.
யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
சனிக்கிழமை ஜெயித்தார்கள்.
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில்,
முப்பத்தொன்று வெளுத்துக் கட்டினானாம்.
கட்டியது அவன்.

ஆர்வெல் டின்ஸ்லி என்று பெயர்.
மிசிசிப்பி போய் வந்த சட்டையில்
முதுகெல்லாம் பழுப்புக் கறை.
மெல்லுகிற புகையிலைச் சாறு.
வினிகர் ஊற்றி விரல் வலிக்கத் தேய்த்தேன்.
அவனே இறங்கி வந்தான்.
‘போயிருச்சா?’
‘போச்சு.’
குழல் விளக்கில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான், வெகுநேரம்.
‘எங்கே இருந்ததுன்னு எனக்குத் தெரியுதே’ என்றான்.

எழுபத்து நாலில் ஒரு ராத்திரி
தலையணை உறையில் எதையோ திணித்துக்கொண்டு
படியில் நின்றாள் ஒரு வெள்ளைக்காரப் பெண்,
ஜோரீன் ஸ்டபில்ஃபீல்ட், புகையிலைத் தோட்டத்துப் பிள்ளை.
பெண்கள் அணிக்கு ஆண்களின் பழைய சட்டைதான்.
தோளில் ஊக்கு குத்தி,
தொளதொளவென்று ஓடுகிறார்களாம்.
சோப்புக்குப் பணம் ஒதுக்கவில்லையாம்;
வீட்டில் துவைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் ஹார்பின்.
உறையை உதறினேன்.
மூன்றாவதாக விழுந்தது முப்பத்தொன்று,
அக்குளில் என் தையல்.
‘யாரோடது இது?’
‘என்னோடது’ என்றாள்.
ஆமாம், அவளோடதும்தான்.
சோப்பை அளக்காமல் கொட்டினேன்.
துவைத்து முடியும்வரை
படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.

பிறகு வருஷங்கள் மொத்தமாக வந்தன.
பளபளக்கும் துணி, மார்பில் ஷூ கம்பெனி முத்திரை.
என் சன்னலை உடைத்து
டிவிக்காரர்களின் கேபிள் மேலே ஏறியது.
பன்னிரண்டில் பத்துச் சட்டை இப்போது எங்கள் பிள்ளைகளுடையது.
மே மாதம் பட்டமளிப்பு அங்கிகளும் எனக்குத்தான் வரும்,
இஸ்திரி போட, பெயர்ச் சீட்டோடு.
அந்தப் பத்துப் பெயரைத் தேடினேன்.
இரண்டு இருந்தது.
மறுபடி தேடினேன்.

எண்பத்தெட்டில் சலவையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள்.
எனக்குக் கைக்கடிகாரம் ஒன்று, டிக்கெட் ஒன்று.
பதினோரு படி ஏறி,
இன்னும் நாற்பது ஏறி உட்கார்ந்தேன்.
மேலே பந்தின் சத்தம் சின்னதாக இருந்தது.
பெண்கள் ஆட்டமாம், அரங்கு பாதி நிறைந்திருந்தது.
இடைவேளைக்குச் சற்று முன்
ஒருத்தி சறுக்கி விழுந்தாள், உதட்டில் ரத்தம்.
எல்லோரும் நடுவரைப் பார்த்துக் கத்தினார்கள்.
எனக்குச் சட்டைதான் தெரிந்தது.
‘பச்சைத் தண்ணி, உடனே! வெந்நீர் கூடாது!’
என்று நானும் கத்தினேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
என்னைத் திரும்பிப் பார்த்தார்.